பேண்டில் நாலு பேர், படத்தில் எத்தனை பேர்?

"பேண்டே நாலு பசங்கதான், அதுக்கு நான் இன்னாண்ணா பண்றது?" என்று கேட்டார் தம்பி. பழவேற்காட்டில் பாலத்துக்குப் பக்கத்து டீக்கடை. ஏலம் முடிந்து, ஐஸ் பெட்டி ஏற்றிய வண்டிகள் பொன்னேரிப் பக்கம் கிளம்பிக்கொண்டிருந்தன. தம்பி ஏரியோரக் குப்பத்துப் பையன். கூடப் படித்த நண்பர்கள் நடத்தும் ராக் பேண்டைப் பற்றிச் செல்போனிலேயே ஒரு ஆவணப்படம் எடுத்து வைத்திருக்கிறார். கிடார், பேஸ், டிரம்ஸ், பாடகர். மாதா கோயில் பாடற்குழுவில் டிரம்ஸ் பழகியவரும் அதில் உண்டு, மீன்பாடு இல்லாத நாளில் மட்டும் ஒத்திகைக்கு வருகிறவரும் உண்டு. படத்தைக் கல்லூரியில் போட்டுக் காட்டியபோது ஒரு மாணவி எழுந்து, "ஊர்ல பொம்பளைங்களே இல்லையா? எல்லாரும் ஒரே தெருப் பசங்களா?" என்று கேட்டுவிட்டார். தம்பிக்கு முகம் சுண்டிப்போய்விட்டது. "படத்துக்காக ஒரு பொண்ணைக் கூட்டியாந்து மைக் முன்னாடி நிறுத்தணுமா?"

வேண்டாம் என்றேன். நிறுத்தினால் அது பொய். பார்க்கிறவர்களுக்கும் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆனால் அந்தப் பெண் கேட்டது அது இல்லையே. அவர் பேண்டைப் பற்றிக் கேட்கவில்லை, படத்தைப் பற்றிக் கேட்டார். பேண்டில் யார் இருக்கிறார்கள் என்பது பேண்டின் கணக்கு. படத்தில் யார் இருக்கிறார்கள், எத்தனை நேரம் இருக்கிறார்கள், அவர்களிடம் என்ன கேட்கப்படுகிறது என்பதெல்லாம் எடுத்தவரின் கணக்கு. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் இந்தப் பேச்சு வந்தாலே படம் எடுப்பவர்களுக்குக் கோபம் வருகிறது.

நாலு ஆண்கள் மட்டும் உள்ள பேண்டைப் பற்றி நல்ல படம் எடுக்க முடியாதா? எடுத்திருக்கிறார்களே. டெல்லியின் 'இந்தியன் ஓஷன்' குழுவைப் பற்றி ஜெய்தீப் வர்மா எடுத்த 'லீவிங் ஹோம்' 2010இல் திரையரங்குகளிலேயே வெளிவந்தது. தேசிய விருதும் வாங்கியது. சுஷ்மித் சென், அஷீம் சக்ரவர்த்தி, ராகுல் ராம், அமித் கிலம் என்று நாலு பேரும் ஆண்கள்தான். ஆனால் அவர்களுடைய பாட்டுகள் எங்கிருந்தெல்லாம் வந்தன என்று பாருங்கள். 'மா ரேவா' நர்மதைக் கரைப் பாட்டு. ராகுல் ராம் நர்மதை அணை எதிர்ப்புப் போராட்டத்தில் இருந்தவர். 'கண்டிசா' கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களின் பழைய சுரியானி வழிபாட்டிலிருந்து வந்தது. பாட்டின் வேரைத் தேடிக்கொண்டு போனாலே, நாலு பேர் படத்துக்குள் ஒரு நாட்டின் கூட்டம் வந்துவிடும். படம் வெளிவருவதற்குச் சில மாதம் முன்பு, 2009 கிறிஸ்துமஸ் அன்று அஷீம் இறந்துபோனார். அதனால் இன்று அந்தப் படம் அந்த நாலு பேர் சேர்ந்திருந்ததற்கான சாட்சியாகவும் ஆகிவிட்டது.

அப்படியானால் பிரச்சினை எங்கே வருகிறது? தம்பிக்கு நான் சொன்ன உதாரணம் ராக் ஆவணப்படங்களிலேயே மிகவும் புகழ்பெற்றது. மேய்ஸ்லெஸ் சகோதரர்களும் ஷார்லட் ஸ்வெரினும் இயக்கிய 'கிம்மி ஷெல்ட்டர்', 1970. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் 1969 அமெரிக்கப் பயணத்தைத் தொடரும் படம். படத்தின் பெயரே அவர்களுடைய பாட்டின் பெயர். அந்தப் பாட்டைக் கேட்டவர்களுக்கு நடுவில் உயர்ந்து, ஓரிடத்தில் உடைந்துபோகும் ஒரு பெண் குரல் மறக்காது. அது மெர்ரி கிளேட்டன் என்ற கறுப்பினப் பாடகியின் குரல். லாஸ் ஏஞ்சலஸில் படுக்கப் போகும் நேரத்துக்குப் பிறகு தொலைபேசியில் அழைத்திருக்கிறார்கள். கர்ப்பிணி, தலையில் சுருள் ஊசிகளோடு அப்படியே ஸ்டூடியோவுக்குப் போய்ப் பாடிக் கொடுத்துவிட்டு வந்தார். இசைத்தட்டு உறையில் அவர் பெயரையே 'மேரி' என்று தப்பாக அச்சிட்டார்கள். அந்தப் பாட்டின் பெயரைத் தாங்கிய படத்தில் அவர் முகம் இல்லை.

அதே படத்தில் இன்னொரு கறுப்பின முகம் இருக்கிறது. கலிபோர்னியாவின் ஆல்டமாண்ட் மைதானத்தில், 1969 டிசம்பர் 6 அன்று நடந்த இலவசக் கச்சேரி. பாதுகாப்புக்கு ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் என்ற மோட்டார் சைக்கிள் கும்பலை நிறுத்தியிருந்தார்கள். கூட்டத்தில் பச்சை நிற சூட் போட்ட மெரடித் ஹன்டர் என்ற 18 வயதுப் பையன் கையில் துப்பாக்கி தெரிகிறது. கும்பலில் ஒருவன் அவனைக் குத்திக் கொல்கிறான். கேமராவில் அது பதிவாகிவிட்டது. பிறகு எடிட்டிங் மேசையில் உட்கார்ந்து மிக் ஜாகர் அந்தத் துண்டைப் பார்க்கிறார். படம் அதை நிறுத்தி, பின்னால் ஓட்டி, மெதுவாக ஓட்டிக் காட்டுகிறது. துப்பாக்கி எங்கே, கத்தி எங்கே என்று நாம் தேடுகிறோம். குத்தியவன் தற்காப்புக்காகச் செய்தான் என்று நீதிமன்றத்தில் விடுதலையானான்.

ஆனால் ஹன்டர் யார்? அவன் வீடு எங்கே, அம்மா யார், எந்தப் பாட்டைக் கேட்க வந்தான்? படம் அந்தப் பக்கமே போவதில்லை. சில நொடிகளுக்கு ஒரு பச்சை சூட், பிறகு ஒரு மரணம், அதன் பிறகு ஜாகரின் முகத்தில் அதிர்ச்சி. இறந்தது ஒருவன், அதை உணர்கிறவராகப் படம் காட்டுவது இன்னொருவரை. 2006இல் சாம் கிரீன் என்ற இயக்குநர் ஒரு குறும்படம் எடுத்தார். அதன் தலைப்பே ஹன்டர் புதைக்கப்பட்ட இடத்தின் எண்தான். 'லாட் 63, கிரேவ் சி'. அப்போதுகூட அந்தக் கல்லறையில் பெயர்க்கல் கிடையாது.

'கிம்மி ஷெல்ட்டர்' மோசமான படம் என்று சொல்ல வரவில்லை. எனக்குப் பிடித்த படங்களில் ஒன்று அது. அதனால்தான் இந்த உதாரணம். கெட்ட எண்ணம் ஏதும் இல்லாத, கைதேர்ந்த ஆட்கள் எடுத்த படத்திலேயே இப்படி நடக்கும். பாட்டுக்கு உயிர் கொடுத்தவர் வெளியே, செத்தவன் பெயரளவுக்கு உள்ளே. தலையை எண்ணினால், படத்தில் கறுப்பினத்தவர் இருக்கிறார்கள் என்று கணக்குச் சரியாகவே வரும்.

தம்பி டீயை ஆறவிட்டுவிட்டார். "அந்தம்மா அப்புறம் இன்னாண்ணா ஆனாங்க?" அவர் கதை படத்துக்குள் வர நாற்பது வருடத்துக்கு மேல் ஆயிற்று. 2013இல் மார்கன் நெவில் எடுத்த 'ட்வென்டி ஃபீட் ஃப்ரம் ஸ்டார்டம்' என்ற படம், நட்சத்திரங்களுக்குப் பின்னால் நின்று பாடிய பெண்களைப் பற்றியது. அதில் மெர்ரி கிளேட்டன் அந்த இரவைத் தானே சொல்கிறார். ஸ்டூடியோவில் அவர் குரலை மட்டும் தனியாகப் பிரித்து ஓட்டிக் காட்டுகிறார்கள். அந்தப் படம் ஆஸ்கர் வாங்கியது. பாட்டு மாறவில்லை, கேமராவை இருபதடி தள்ளி வைத்தார்கள், அவ்வளவுதான்.

கேமராவைத் தள்ளக்கூட வேண்டாம், வெட்டி ஒட்டுவதை மாற்றினாலே போதும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 1969 ஜனவரியில் பீட்டில்ஸ் ஒத்திகை பார்த்ததை மைக்கேல் லின்ட்சே-ஹாக் படமாக்கினார். சுமார் 60 மணி நேரப் படச்சுருள். அதிலிருந்து 1970இல் 80 நிமிடப் படம் ஒன்று வந்தது. ஐம்பது வருடம் கழித்து, அதே சுருளிலிருந்து பீட்டர் ஜாக்சன் ஏறக்குறைய எட்டு மணி நேரத்துக்கு 'கெட் பேக்' செய்தார். பில்லி பிரெஸ்டன் என்ற கறுப்பினக் கீபோர்டு கலைஞர் அறைக்குள் வந்து உட்கார்ந்ததும், சலித்துப்போயிருந்த நாலு பேரின் முகமும் மலர்வதை இதில் நிதானமாகப் பார்க்கலாம். 'கெட் பேக்' இசைத்தட்டில் பீட்டில்ஸ் பெயரோடு அவர் பெயரும் அச்சானது. பேண்டை உடைத்தவர் என்று உலகமே திட்டிய யோகோ ஓனோவோ, இதில் பெரும்பாலும் செய்தித்தாள் படித்துக்கொண்டு, ஏதோ வேலை பார்த்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருக்கிறார். அவர் ஆம்ப்ளிஃபயர் மேல் உட்கார்ந்ததால்தான் நாங்கள் பிரிந்தோம் என்று ஐம்பது வருடம் கழித்துச் சொல்வார்கள் பாருங்கள் என்று பால் மெக்கார்ட்னி அன்றே கிண்டலடிப்பதும் பதிவாகியிருக்கிறது.

"நீ எடுத்து வெச்சிருக்கிறது எத்தனை மணி நேரம்?" என்று தம்பியிடம் கேட்டேன். ஹார்டு டிஸ்க் நிறைய இருக்கிறது என்றார். அப்படியானால் பாதிப் பேர் ஏற்கெனவே அதற்குள்தான் இருப்பார்கள்.

இனி நம்ம ஊர்ப் பக்கம் வருவோம். 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல் கச்சேரி செய்தது. பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. 19 பேர். கானாவும் பறையும் சட்டியும் ஒரு பக்கம், எலெக்ட்ரிக் கிடாரும் ராப்பும் ஒரு பக்கம். சாதியற்றவர்கள் என்ற பெயரின் வேர் அயோத்திதாசப் பண்டிதரிடம் இருக்கிறது. யார் மேடையேறுவது என்ற கேள்வியிலிருந்தே பிறந்த பேண்டு என்று சொல்லலாம். அந்த 19 பேரில் பெண் ஒரே ஒருவர், வடசென்னையின் இசைவாணி. கானா என்றால் ஆண்கள் பாடுவது என்று இருந்த இடத்தில் நின்று பாடியவர். 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் வந்தார்.

இங்கேதான் பேட்டி எடுக்கிறவர்கள் வழுக்கி விழுகிறார்கள். டிரம்ஸ் வாசிப்பவரிடம் தாளத்தைப் பற்றிக் கேட்பார்கள். கிடார்காரரிடம் யாரைக் கேட்டு வளர்ந்தீர்கள் என்பார்கள். ஒரே பெண்ணிடம் வந்ததும், "இத்தனை ஆண்களுக்கு நடுவில் பெண்ணாக இருப்பது எப்படி இருக்கிறது?" அவ்வளவுதான். அவர் சுதியை எங்கே பிடிக்கிறார், கானாவில் மூச்சை எங்கே விடுகிறார், ஒரு வரியை எதற்காக இழுக்கிறார் என்று ஒருவரும் கேட்பதில்லை. தலித் கலைஞரிடம் வலியை மட்டும் கேட்பார்கள், வித்தையைக் கேட்கமாட்டார்கள். படத்தில் முகம் இருக்கும், குரலும் இருக்கும், ஆனால் கலைஞராக அவர் அங்கே இருக்கமாட்டார். என்னைக் கேட்டால், முகத்தையே காட்டாமல் விடுவதைவிட இது மோசம். விட்டுவிட்டால் கேள்வி கேட்கவாவது ஆள் வரும்.

முகத்தையே விட்டதும் நடந்தது. அதே குழுவில் இருந்த ராப் பாடகர் அறிவு, தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்து எடுத்து எழுதியது 2021 மார்ச்சில் வந்த 'எஞ்சாயி எஞ்சாமி'. வீடியோவில் அந்தப் பாட்டியும் வருகிறார். அந்த ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா பத்திரிகையின் அட்டையில் அந்தப் பாட்டைச் சேர்ந்து பாடிய பாடகி தீயும் ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. ரஞ்சித் வெளிப்படையாகக் கண்டித்தார். பிறகு இணைய அட்டையில் அறிவின் படம் வந்தது. அடுத்த வருடம் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு அறிவு இல்லாமலேயே பாடப்பட்டபோது மறுபடி சர்ச்சை. பாட்டில் யார் பங்கு எவ்வளவு என்பதில் அறிவும் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனும் தீயும் தனித்தனியே தங்கள் தரப்பைச் சொன்னார்கள். அதில் தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. ஆனால் நாளைக்கு யாராவது அந்தப் பாட்டைப் பற்றி ஆவணப்படம் எடுத்தால், மூன்று தரப்பும் அதில் இருக்க வேண்டும். வள்ளியம்மாளும் சிம்மாசனத்தில் உட்கார்ந்த உருவமாக மட்டும் இல்லாமல், பேசுகிற ஆளாக இருக்க வேண்டும்.

பழவேற்காட்டையே எத்தனை பேர் படமெடுத்திருக்கிறார்கள். எல்லாவற்றிலும் முதல் காட்சி பூநாரை. அடுத்தது டச்சுக் கல்லறை. அப்புறம் சூரிய உதயத்தில் ஒரு படகு, அதில் ஒரு ஆண். சேற்று நீரில் மார்பளவு இறங்கி, பறியை வாயில் கவ்விக்கொண்டு, கையாலேயே தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்கள் தூரத்துப் புள்ளிகளாக வருவார்கள். ஓலைப் பெட்டி முடையும் முஸ்லிம் பெண்கள் வந்தால் விரல்கள் மட்டும் வரும். 2017 ஜனவரியில், இந்த ஏரிக்குத் தெற்கே எண்ணூர்க் கழிமுகத்தில் படமாக்கிய 'சென்னை பொறம்போக்கு பாடல்' வந்தது. கபேர் வாசுகி எழுதி, டி.எம். கிருஷ்ணா பாடி, ரதீந்திரன் பிரசாத் இயக்கியது. மெட்ராஸ் பேச்சைக் கர்நாடக ராகங்களில் கேட்டது பலருக்கு அதுதான் முதல் முறை. அனல்மின் நிலையச் சாம்பலைப் பற்றிக் கவலைப்படாதவர்களையும் கவலைப்பட வைத்தது. ஆனாலும் பார்த்தவர்களுக்கு நினைவில் நிற்பது பாடகரின் முகம். அது பாட்டுப் படம், பேட்டிப் படம் அல்ல, ஆகையால் நான் குறையாகச் சொல்லவில்லை. தம்பி எடுப்பது பேட்டிப் படம், அவருக்கு அந்தச் சலுகை கிடையாது.

இந்த ஊர்க்காரருக்கு இதை விளக்க வேறெங்கும் போக வேண்டியதில்லை. பாடு முறை இருக்கிறதே. ஏரியில் நல்ல மீன்பிடி இடங்களைச் சீட்டுக் குலுக்கி, முறை வைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். ஒருத்தனே நல்ல இடத்தை வளைத்துப் போட முடியாது. உள்ளே இருப்பவர்களுக்கு இதைவிட நியாயமான ஏற்பாடு இல்லை. ஆனால் சீட்டில் பெயர் எழுதப்படுவது குறிப்பிட்ட சில குப்பங்களின் பட்டினவர் சாதி ஆண்களுக்குத்தான். பெண்ணுக்கோ இருளருக்கோ சீட்டே கிடையாது. பேண்டு படங்களும் இப்படித்தான் நடக்கின்றன. பாடகருக்கு இத்தனை நிமிடம், டிரம்மருக்கு இத்தனை நிமிடம் என்று நாலு பேருக்குள் நேர்மையாகப் பங்கு பிரிப்பார்கள். குலுக்கலில் எந்த மோசடியும் இருக்காது.

தம்பிக்கு இது சட்டென்று பிடிபட்டது. பட்டென்று எதிர்க்கேள்வியும் வந்தது. "அப்ப ஊர்ல கீற எல்லாரையும் உள்ள இழுத்தா பேண்டு எங்கண்ணா இருக்கும்?"

நியாயமான கேள்வி. எல்லாரையும் இழுத்தால் அது மக்கள்தொகைக் கணக்கெடுப்பாகிவிடும். நான் பார்க்கும் அளவுகோல் ஒன்றுதான். இந்த ஆள் இல்லாவிட்டால் இந்தப் பாட்டு இப்படி இருந்திருக்குமா? இருக்காது என்றால், அவர் படத்துக்குள் வரவேண்டியவர். அதே டி.எம். கிருஷ்ணா 2020இல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று ஒரு புத்தகம் எழுதினார். மிருதங்கம் செய்கிறவர்களைப் பற்றியது. அவர்களில் பலர் தலித் கிறிஸ்தவர்கள். மாட்டுத்தோல் இல்லாமல் மிருதங்கம் இல்லை, தோலைப் பதமறிந்து எடுத்து மூட்டுகிறவர் இல்லாமல் நாதம் இல்லை. கச்சேரி மேடையில் அவர் பெயர் கிடையாது. புத்தக வெளியீட்டுக்கு அரங்கம் தருவதாக இருந்த கலாக்ஷேத்ரா கடைசி நேரத்தில் மறுத்துவிட்டது. விழா ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசத்தில் நடந்தது. வித்வானின் வலது கைக்கும் தோல் மூட்டியவரின் காதுக்கும் நடக்கும் சண்டை சமாதானமெல்லாம் அந்தப் புத்தகத்தில் இருக்கிறது. அதைப் படித்த பிறகு மிருதங்கம் எனக்கு வேறு மாதிரிதான் கேட்கிறது.

தம்பி தன் படத்தில் அப்படி யார் இருக்கிறார்கள் என்று சொல்ல ஆரம்பித்தார். பேண்டின் பிரபலமான பாட்டு வலை இழுக்கும்போது பாடும் அம்பாவிலிருந்து எடுத்த மெட்டு. அதைப் பாடகர் கற்றது தன் பாட்டியிடம். பாட்டி வலை இழுத்தவர் இல்லை. கரையில் கூடையோடு காத்திருந்து கேட்டுக் கேட்டுப் பாடமானது. ஒத்திகை நடப்பது ஒரு முஸ்லிம் வீட்டின் பின்கட்டில். மாலைத் தொழுகை நேரத்தில் டிரம்ஸை நிறுத்திவிடுவார்கள். அதை அவர் எடுத்தும் இருக்கிறார். சத்தம் சரியில்லாத இடம் என்று வெட்டிவிட்டார். பேஸ் கிடார் வாங்கப் பணம் கொடுத்தது நண்டு ஏலத்துக்குப் போகும் ஒரு அக்கா. இருளர் பையன் ஒருவன் முதலில் டிரம்ஸுக்கு வந்தான், பிறகு வரவில்லை.

"ஏன் வரல?"

தெரியாது என்றார். கேட்டதில்லை.

கேட்டுவிட்டு வா என்றேன். படம் அங்கே இருக்கலாம். கேட்டுவிட்டு அவன் மறுத்தால் கேமராவை நீட்டக்கூடாது. ஆள் இல்லாததைக்கூடச் சொல்ல முடியும். இத்தனை மாதம் வாசித்தவன், இப்போது இல்லை என்று ஒரு வரி போதும். அவனைக் கொண்டுவந்து நிறுத்தி அழவைத்து, நம் படத்துக்குப் பரந்த மனசு என்று பெயர் வாங்கிக்கொள்வது வேறு விதமான களவு.

பாடகரின் பாட்டியிடம் தம்பி ஏற்கெனவே கேட்டிருக்கிறார். பாடச் சம்மதம், முகம் காட்டவும் சம்மதம். ஆனால் பாட்டி திருப்பிக் கேட்டது, "இதுல துட்டு வந்தா எனக்கு எவ்ளோ?" பையன்கள் சிரித்துவிட்டார்களாம். சிரிக்கிற விஷயமில்லை. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, பாட்டு எழுதியவரும் இசையமைத்தவரும் தங்கள் ராயல்டிப் பங்கை எழுதிக் கொடுத்துவிட்டுப் போக முடியாதபடி பாதுகாப்பு இருக்கிறது. அம்பாவுக்கு அப்படி ஒரு ஆசிரியர் பெயர் கிடையாது, அதனால் மெட்டுக்கு யாரும் உரிமை கோர முடியாது. ஆனால் பாடி நிகழ்த்துகிறவருக்கு என்று தனி உரிமை சட்டத்திலேயே உண்டு. படத்தில் சேர்க்க எழுத்தில் சம்மதம் கொடுத்தபிறகும், வியாபாரமாக அது ஓடினால் அவருக்குப் பங்கு உண்டு. பாட்டி குரல் படத்தில் ஓடினால் பாட்டி ஒரு கலைஞர், பேரனுக்குச் சமமான கலைஞர்.

எனவே ஒரு தாளில் எழுதி, படித்துக் காட்டி, பாட்டியிடம் கையெழுத்தோ கைரேகையோ வாங்கச் சொன்னேன். எத்தனை சதவீதம் என்று அவர்களே பேசி முடிவு செய்யட்டும். பெயரை எப்படி எழுத வேண்டும் என்பதையும் அவரிடமே கேட்க வேண்டும். வீட்டில் கூப்பிடும் பெயர் ஒன்று, ரேஷன் கார்டில் இருப்பது ஒன்று என்றார் தம்பி. ஞாயிற்றுக்கிழமை பேண்டு கூடுகிறது, அன்றைக்குப் பேசுவதாகச் சொன்னார். பாடகர் ஒத்துக்கொள்வார், டிரம்மர்தான் தகராறு பண்ணுவார் என்பது அவருடைய கணிப்பு.